சளி போயிருச்சு, காது மட்டும் ஏன் அடைச்சிருக்கு?



ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கினால் நம் குழுக் கூட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "சளியெல்லாம் போயிருச்சுக்கா, காது மட்டும் கும்முனு அடைச்ச மாதிரியே இருக்கு" என்பார் ஒருவர். "நான் பேசுறதே எனக்குப் பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது" என்பார் இன்னொருவர். உடனே பக்கத்தில் இருப்பவர் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி இரண்டு சொட்டு விடு என்பார். கோழி இறகை விட்டுக் குடை என்பார். பேச்சு முடிவதற்குள் சேலையில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றிக் கையில் கொடுப்பவரும் உண்டு.

இந்த இதழில் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். சளிக்குப் பிறகு காது ஏன் அடைக்கிறது, எதைச் செய்தால் சுகம் கிடைக்கும், எதைத் தொடவே கூடாது, எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று பார்ப்போம். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சளியால் வரும் அடைப்பு நாம் குடைகிற காதுத் துளையில் இல்லை. அது மூக்குக்குப் பின்னால் இருக்கிறது.

செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை

காதுத் துளை உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் போனதும் அது முடிந்துவிடும். அங்கே ஒரு மெல்லிய தோல் குறுக்கே மூடியிருக்கிறது. அதுதான் செவிப்பறை. பறைக்குத் தோல் கட்டியிருப்பது போல இழுத்துக் கட்டியிருக்கும். சத்தம் வந்து மோதினால் அது அதிரும்.

அந்தத் தோலுக்குப் பின்னால் சின்னதாக ஓர் அறை உண்டு. நடுக்காது என்பார்கள். அதற்குள் மூன்று சின்ன எலும்புகள் ஒன்றோடொன்று கோத்தபடி இருக்கின்றன. சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பெயர். அங்கவடி எலும்புதான் நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு, ஓர் அரிசியை விடச் சின்னது. செவிப்பறையின் அதிர்வை இந்த எலும்புகள்தான் உள்ளே இருக்கும் நரம்புப் பகுதிக்குக் கொண்டுபோகின்றன. இவை தடையில்லாமல் அசைய வேண்டுமானால் அந்த அறையில் காற்று இருக்க வேண்டும். தண்ணீரோ சளியோ இருக்கக் கூடாது.

சரி, முன்பக்கம் தோலால் மூடிய அறைக்குக் காற்று எங்கிருந்து வரும்? பின்னால் ஒரு குழாய் இருக்கிறது. நடுக்காதிலிருந்து கிளம்பி மூக்கின் பின்பகுதியில், அண்ணாக்குக்கு மேலே வந்து திறக்கிறது. பெரியவர்களுக்கு மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எப்போதும் மூடியபடி இருக்கும் இந்தக் குழாய், நாம் எச்சில் முழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடும். அந்த ஒரு கணத்தில் அறைக்குள் புதுக் காற்று போய்விடும். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை நமக்குத் தெரியாமலே இது நடக்கிறது.

மலைப் பஸ்ஸில் போனவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய் வருகிற நம் உறுப்பினர்களைக் கேட்டுப் பாருங்கள். வளைவு ஏற ஏற காது அடைக்கும். எச்சில் முழுங்கினால் 'டப்'பென்று திறந்து சத்தம் தெளிவாகக் கேட்கும். உயரம் மாறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் மாறுகிறது, அந்தக் குழாய் திறந்து உள்ளே இருக்கும் காற்றைச் சமன் செய்துவிடுகிறது. சளி பிடித்திருக்கும்போது மலையிலிருந்து இறங்கினால் காது வலி உயிர் போகும். ஏறும்போதை விட இறங்கும்போதுதான் குழாய் திறக்கச் சிரமப்படும். அந்த நேரத்தில் தூங்காமல், அடிக்கடி தண்ணீரோ எச்சிலோ முழுங்கிக்கொண்டே வருவது நல்லது.

இப்போது சளிக்கு வருவோம். மூக்கின் உள்ளே இருக்கும் சவ்வும் இந்தக் குழாயின் உள்ளே இருக்கும் சவ்வும் ஒரே விரிப்பு மாதிரி தொடர்ந்து போகிறது. சளி பிடித்தால் மூக்கு வீங்கும், கூடவே குழாயும் வீங்கி அடைத்துக்கொள்ளும். புதுக் காற்று போகாது. அறைக்குள் ஏற்கெனவே இருந்த காற்றைச் சுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் டப்பா உள்வாங்குமே, அது போலச் செவிப்பறை உள்பக்கமாக இழுக்கப்படும். இழுத்துப் பிடித்த தோல் சரியாக அதிராது. அதனால்தான் சத்தம் மந்தமாகவும் நம் குரல் மட்டும் உள்ளே எதிரொலிப்பதாகவும் தோன்றுகிறது. நாள் ஆக ஆக அறைச் சுவரிலிருந்து நீர் கசிந்து தேங்கவும் செய்யும். குனிந்து நிமிரும்போது காதுக்குள் தண்ணீர் அசைகிற மாதிரி இருக்கிறது, கொட்டாவி விட்டால் 'பொட் பொட்'டென்று சத்தம் வருகிறது என்பதெல்லாம் இதனால்தான்.

மூக்கு அகலமானது, வீக்கம் சீக்கிரம் வடிந்துவிடும். குழாயோ மிகக் குறுகலானது, அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். சளி போன பிறகும் ஒரு வாரம், இரண்டு வாரம் காது அடைத்திருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். பயப்பட வேண்டியதில்லை.

எண்ணெய் விடுகிற விஷயத்துக்கு இப்போது நீங்களே பதில் சொல்லிவிடலாம். கொல்லைக் கதவு அடைத்துக்கொண்டிருக்கும்போது முன்வாசலில் எண்ணெய் ஊற்றி என்ன பயன்? நல்ல செவிப்பறையைத் தாண்டி ஒரு சொட்டு எண்ணெய்கூட உள்ளே போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் போகும், ஆனால் அப்படிப் போவதுதான் ஆபத்து.

எதைச் செய்தால் சுகம் கிடைக்கும்?

வைத்தியம் மூக்குக்கும் தொண்டைக்கும்தான். அதிலும் பாதி வைத்தியம் பொறுமை.

அடிக்கடி எதையாவது முழுங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், சுக்கு காபி, ரசம், எது பிடிக்கிறதோ அது. மெல்லுவதும் நல்லது. பொரிகடலையை வாயில் போட்டு மென்றால் போதும் (ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கடலை கொடுக்காதீர்கள், புரையேறிவிடும்). கொட்டாவியை அடக்காமல் நன்றாக வாயைத் திறந்து விடுங்கள். கூட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நான் தப்பாக நினைக்க மாட்டேன்!

இன்னொரு வழி, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு எச்சிலை முழுங்குவது. நான்கைந்து முறை செய்து பாருங்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு மெதுவாக மூச்சை வெளியே தள்ளுவதும் உண்டு. அதில் எச்சரிக்கை வேண்டும். பலூன் ஊதுவது போல முக்கி ஊதக் கூடாது. கெட்டிச் சளியோ காய்ச்சலோ காதுவலியோ இருக்கும்போது செய்யவே கூடாது. செய்தால் மூக்கில் இருக்கும் கிருமியை நாமே காதுக்குள் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

மூக்குச் சிந்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் அழுத்திப் பிடித்துப் பலமாகச் சிந்தினால் சளி பின்பக்கமாகக் குழாய்க்குள் ஏறும். ஒரு பக்கத்தை மூடி மறுபக்கத்தை மெதுவாகச் சிந்த வேண்டும். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள்.

உப்புத் தண்ணீர் நல்ல மருந்து. 200 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்து, கால் டீஸ்பூன் உப்பு கலந்து, சுத்தமான சொட்டுக் குழலால் மூக்கில் இரண்டு மூன்று சொட்டு விடலாம். கெட்டியான சளி இளகும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், முதல் நாள் தண்ணீரை எடுத்து வைக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடவே கூடாது. 2024லும் 2025லும் கேரளாவில் அமீபா மூளைக்காய்ச்சல் வந்து உயிர்ச் சேதம் ஏற்பட்டதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அந்த அமீபா தண்ணீரோடு மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது.

ஆவி பிடிப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நொச்சித் தழை, மஞ்சள் போட்டு ஆவி பிடித்தால் மூக்குக்கு இதமாக இருக்கும், அந்த அளவில் பெரியவர்கள் செய்யலாம். அது காதுக் குழாயைத் திறந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சின்னப் பிள்ளைகளைப் போர்வைக்குள் உட்கார வைத்துக் கொதிக்கிற பாத்திரத்தைக் கிட்டே வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். சளிக்கு வைத்தியம் பார்க்கப் போய் வெந்த புண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டி வரும். கைக்குழந்தையின் மூக்கில் கற்பூரம் கலந்த தைலம் தடவுவதும் ஆபத்துதான்.

படுக்கும்போது தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள், இன்னொரு தலையணை வைத்தால் போதும். வலி இருந்தால் பாரசிட்டமால் மாத்திரை போதும். காய வைத்த துணியை வெளியே ஒத்தடமாக வைக்கலாம்.

மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் சொட்டு மருந்து கொடுப்பார்கள். விட்டவுடன் மூக்கு திறக்கும், அதனாலேயே பலர் மாதக் கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண சளி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரையும் வேலை செய்யாது, ஊசியும் வேலை செய்யாது. "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று நாமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். ஒரு நாள் கூலி அதில் போகிறது. வருஷம் பூராவும் காலையில் எழுந்தவுடன் தும்மல், மூக்கில் நீர் என்று அவதிப்படுகிறவர்கள் கதை வேறு. பஞ்சு மில் வேலைக்குப் போகிறவர்களில் இப்படிச் சிலரைப் பார்க்கிறேன். அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, டாக்டரிடம் காட்டி வாங்க வேண்டும்.

காதுக்குள் எதையும் விடாதீர்கள்

காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு, எதுவும் வேண்டாம். ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு, கடையில் விற்கிற பஞ்சுக் குச்சி, இவையும் வேண்டாம். காது குடைவதில் ஒரு சுகம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் ஓடி வரும் பிள்ளை கையில் இடித்தால் போதும், ஊக்கு செவிப்பறையைக் கிழித்துவிடும். காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். காதுக் குறும்பி மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து வந்துவிடும். குச்சி விட்டால் அதைத் திரும்ப உள்ளே தள்ளுகிறோம்.

சிலருக்கு நிஜமாகவே குறும்பியால் அடைப்பு வரும். சளி இல்லாமல், தலைக்குக் குளித்தவுடன் திடீரென்று ஒரு காது அடைத்தால் தண்ணீரில் குறும்பி ஊறிப் பெருத்திருக்கலாம். அரசு மருத்துவமனையில் காட்டினால் பார்த்து எடுத்துவிடுவார்கள்.

"ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள்

எல்லா அடைப்பும் சளி அடைப்பு இல்லை. சிலருக்குத் திடீரென்று காது நரம்பு பாதித்து ஒரு பக்கம் கேட்காமல் போகும். காலையில் எழுந்தால் ஒரு காது அடைத்த மாதிரி இருக்கும், ஙொய் என்று இரைச்சல் வரும், சிலருக்குத் தலை சுற்றும். சளியாக இருக்கும் என்று பத்து நாள் இருந்துவிடுவார்கள். இதற்கு உடனே மருந்து கொடுத்தால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு. இரண்டு வாரம் கடந்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். முதலில் நன்றாக இருக்கும்போது ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைத்த காதில்தான் சத்தம் அதிகமாகக் கேட்கும். சளி அடைப்பும் இப்படித்தான். ஒரு காது அடைத்திருக்கும்போது முனகினால், அடைத்த பக்கமே சத்தம் அதிகமாகக் கேட்டால் அது பெரும்பாலும் காற்று அடைப்பு. அதற்கு மாறாக நல்ல காதில் சத்தம் அதிகமாகக் கேட்டால் நரம்பில் கோளாறு இருக்கலாம். அன்றைக்கோ மறுநாளோ காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இது ஓர் அடையாளம்தான், முடிவு சொல்ல டாக்டர் வேண்டும். முனகலில் எது தெரிந்தாலும் சரி, திடீரென்று ஒரு காது சுத்தமாகக் கேட்கவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம்.

"சொன்னா கேக்க மாட்டேங்குறா"

பெரியவர்களுக்குக் காது அடைத்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியதே இதனால்தான்.

பிள்ளைகளின் காதுக் குழாய், கைக்குழந்தையில் நமக்கு இருப்பதில் பாதி நீளம்தான் இருக்கும். நமக்குச் சாய்வாக இறங்குவது அவர்களுக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்கும். மூக்கில் இருக்கும் சளியும் கிருமியும் சுலபமாகக் காதுக்குப் போகும், அங்கே தேங்கிய நீர் வடியாது. ஏழு வயது வாக்கில்தான் அது பெரியவர்களுக்கு இருப்பது போல ஆகிறது. சின்னப் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறேழு தடவை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொரு சளிக்குப் பிறகும் காதில் நீர் தேங்க வழி உண்டு.

அந்த நீர் வலிக்காது. காய்ச்சல் வராது. வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் பிள்ளைக்கு உலகம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுகிற மாதிரி கேட்கும். சத்தமாகக் கூப்பிட்டால் திரும்பும், சாதாரணமாகச் சொன்னால் பாதிதான் விழும். ஒரு நாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் கேட்காது. அதனால்தான் தாய்க்கும் டீச்சருக்கும் குழப்பம் வருகிறது. 'வேணும்னே செய்றா' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நான் போகிற ஒரு கிராமத்தில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை. சொல்வதை எழுதும்போது பாதி வார்த்தையை விட்டுவிடும். மந்தம் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. வீட்டிலும் அடிதான். கடைசியில் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு காதைப் பார்த்து, இரண்டு பக்கமும் நீர் தேங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாய் நம் குழு உறுப்பினர்தான். "சொன்னா கேக்க மாட்டேங்குறான்னு அடிச்சேன் மேடம். கேக்கலைன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை! கீழ்ப்படியாததும் கேக்கலைதான், காது கேட்காததும் கேக்கலைதான். அந்தப் பிள்ளையை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், டாக்டர் சொன்னபடி திரும்பத் திரும்பப் போய்க் காட்டினார்கள், அடுத்த பருவத்துக்குள் நீர் வடிந்துவிட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது? டிவி பக்கத்தில் போய் உட்காருகிறதா, சத்தத்தைக் கூட்டுகிறதா? பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல், முகத்தைப் பார்த்துப் பேசினால் மட்டும் பதில் சொல்கிறதா? "ஆ? என்னம்மா?" என்று அடிக்கடி கேட்கிறதா? இரண்டு வயதில் பேச்சு தெளியவில்லையா? காதை இழுத்துக்கொண்டு இரவில் சிணுங்குகிறதா? பேசத் தெரிந்த பிள்ளையானால் அதன் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதை விரலால் மூடிவிட்டு, "பூ", "ஏழு", "மாடு" என்று ரகசியம் பேசுகிற குரலில் சொல்லுங்கள். திருப்பிச் சொல்கிறதா பாருங்கள். அடுத்த காதுக்கும் அப்படியே. பல வார்த்தைகளைத் தவற விட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தேங்கிய நீர் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும். அதுவரை டாக்டர் பார்த்துக்கொண்டிருப்பார், மருந்தே கொடுக்காமல்கூட அனுப்பலாம். 'ஒண்ணும் செய்யலை' என்று கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்கு ஓடாதீர்கள். குறித்துக் கொடுத்த தேதிக்குத் திரும்பப் போவதுதான் வைத்தியம். மூன்று மாதம் கடந்தும் இரண்டு காதும் மந்தமாக இருந்தால் செவிப்பறையில் மிகச் சின்னக் குழாய் ஒன்றை வைத்து நீரை வடிய விடுவார்கள். சில பிள்ளைகளுக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கிக் குழாயை அடைத்திருக்கும், அதையும் பார்ப்பார்கள். உதடு, அண்ணம் பிளந்து பிறந்த குழந்தைகளுக்குக் குழாயைத் திறக்கும் தசை சரியாக வேலை செய்யாது. உதட்டுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று விட்டுவிடாமல் காதையும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

வராமல் தடுக்க நம் கையில் சில விஷயங்கள் உண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் காது நோய் குறைவாக வரும். படுக்க வைத்துப் பாட்டில் பால் கொடுத்தால் பால் குழாய் பக்கம் போகும், தலையை உயர்த்தி மடியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பீடி, சிகரெட் புகை உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் காதில் சீழ் அதிகம் வருகிறது. அடுப்புப் புகையும் நல்லதில்லை. (வீட்டு ஆண்களிடம் இந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.) 2021 முதல் நியூமோகாக்கல் தடுப்பூசி நாடு முழுவதும் அரசுத் தடுப்பூசியில் சேர்ந்திருக்கிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை. நிமோனியாவுக்காகக் கொடுப்பது, காது நோயையும் ஓரளவு குறைக்கும். தடுப்பூசி அட்டையை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காதில் சீழ் வந்தால்

தேங்கிய நீரில் கிருமி பெருகினால் கடுமையான வலியும் காய்ச்சலும் வரும். இரவெல்லாம் அழுத பிள்ளை விடியும் நேரத்தில் அமைதியாகத் தூங்கும், தலையணையில் சீழ் இருக்கும். செவிப்பறை கிழிந்து சீழ் வெளியே வந்துவிட்டது, அதனால் வலி குறைந்தது. வலி போனதால் நோய் போனது என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். சரியாகப் பார்த்தால் அந்தக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிவிடும்.

"சின்னப் பிள்ளைன்னா காது ஒழுகத்தான் செய்யும், வளர்ந்தா சரியாயிரும்" என்கிற பேச்சைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகினால் அது நாள்பட்ட நோய். கேட்கும் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கெட்ட நாற்றத்தோடு சீழ் வந்தால் இன்னும் கவனம் வேண்டும், எலும்பையே அரிக்கிற வகை ஒன்று உண்டு.

ஒழுகும் காதைக் காய்ந்தபடி வைத்திருப்பது முக்கியம். சுத்தமான பருத்தித் துணியைத் திரிபோல முறுக்கி, காது வாயில் மெதுவாக வைத்து, நனைந்ததும் எடுத்துப் போட்டு, புதுத் திரி வையுங்கள். திரி நனையாமல் வரும் வரை இப்படிச் செய்ய வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. பஞ்சை அடைத்து அப்படியே விட்டுவிடக் கூடாது. கிணற்றிலும் கண்மாயிலும் முங்கிக் குளிக்க விடாதீர்கள். தலைக்கு ஊற்றும்போது வாஸலின் தடவிய பஞ்சைக் காது வாயில் வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். சொட்டு மருந்தை டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை உள்ள காதில் சில சொட்டு மருந்துகள் நரம்பையே கெடுத்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தது நம் பிள்ளைக்கு ஆகாது.

காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுவது, கடுமையான தலைவலியோடு வாந்தி, கழுத்தை மடக்க முடியாமை, நிற்க முடியாத தலைச்சுற்றல் - இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனை. 108க்குப் போன் செய்யுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பக்கக் காது மட்டும் ஒரு மாதம் ஆகியும் திறக்காமல், சளியில் ரத்தமோ கழுத்தில் கட்டியோ இருந்தால், மூக்கின் பின்பக்கத்தை டாக்டர் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அதையும் தள்ளிப் போடக் கூடாது.

எங்கே போவது?

முதலில் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் தேவைப்பட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள், அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவும் கேட்கும் திறன் சோதனையும் உண்டு. போகும்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆபரேஷன் என்று சொன்னால், கடன் கேட்டுக் குழுவுக்கு வருவதற்கு முன்னால் அங்கே இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். தெரியாமல் கைக்காசைச் செலவு செய்தவர்கள் நம் கூட்டமைப்பிலேயே இருக்கிறார்கள்.

குழுக் கூட்டத்தில், காது அடைத்திருக்கும் உறுப்பினரைத் தீர்மானம் வாசிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கடன் தொகை, வட்டி, தவணை மூன்றையும் அவர் திருப்பிச் சொன்ன பிறகு கையெழுத்து வாங்குங்கள். காது சரியாகக் கேட்காதவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார், அது எல்லா ஊரிலும் நடக்கிறது.

பிள்ளைகளுக்கு வருவோம். 2013 முதல் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். காது நோயும் கேட்புக் குறையும் அவர்கள் பார்க்கிற பட்டியலில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே நாளில் பார்க்கும்போது ஒவ்வொரு காதுக்கும் நேரம் கிடைக்காது. எனவே ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊருக்கு அவர்கள் வரும் தேதியைத் தலைமையாசிரியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ கேட்டு எழுதி வையுங்கள். ரகசியக் குரல் சோதனையில் தவறிய பிள்ளைகள், காது ஒழுகும் பிள்ளைகள், பேச்சு தெளியாத பிள்ளைகள் பெயரை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு மட்டும் அந்தப் பிள்ளைகளை ஆடு மேய்க்கவோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ வீட்டில் நிறுத்தாதீர்கள்.